கொறற்றி அக்கா திருப்பி வாங்கிய அழைப்பு

கொறற்றி அக்காவுக்கு மெதுவாகப் பேச வராது. ஜெர்மனியின் எசன் நகரின் வடக்கே, டிராம் திரும்பும் முனையிலிருந்த பழைய வீடொன்றில் அவர் குடும்பம் இரண்டாம் மாடியில் இருந்தது. எனக்கு அதற்கு மேலே, கூரைச் சரிவுக்கடியில் ஓர் அறை. அவர் கீழே "இஞ்சருங்கோ" என்று கணவரைக் கூப்பிட்டால் மேலே நான் தலையைத் திருப்புவேன். முதல் மாடி ஜெர்மன் பெரியவர் ஒருநாள் இந்தச் சத்தத்தைப் பற்றி வீட்டுச் சொந்தக்காரரிடம் முறையிடப் புறப்பட்டாராம். அக்கா படிக்கட்டிலேயே அவரை மறித்து, ஒரு தட்டு சூடான ரோல்ஸைக் கையில் கொடுத்து, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். முறையீடு அந்தப் படியைத் தாண்டவில்லை.

நான் எசனுக்கு வந்தது 2005இல், மென்பொருள் வேலைக்கு. விளாத்திகுளத்துக்குப் பக்கத்தில் கரிசல் காட்டு ஊர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். இதை யாரும் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுவேன். அக்காவிடமும் வந்த அன்றே சொன்னேன்.

"அப்ப தம்பிக்கு இங்கிலீஷ் வடிவா வரும்" என்றார். அன்றிலிருந்து அந்த வீட்டுக்கு வரும் ஆங்கிலக் காகிதங்களெல்லாம் என் பொறுப்பு.

அவர் பாசையூர்க்காரர். யாழ்ப்பாணத்துக் கடலோரம். எண்பதுகளின் கடைசியில் கூடப்பிறந்த அண்ணனோடு கிழக்கு பெர்லினில் வந்து இறங்கி, முகாம் முகாமாக மாறி, எசனில் நிலைத்தவர். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. உருளைக்கிழங்கு மசியலில் யாருக்கும் சொல்லாமல் மிளகுத்தூள் கூட்டிப் போடுவார். அங்குள்ள கிழவிகள் அவருடைய முறை வரும் நாளைக் கேட்டு வைத்துக்கொள்வார்களாம். கணவர் சூசைதாசன் அண்ணன் இத்தாலியச் சாப்பாட்டுக் கடையில் பீட்சா போடுபவர். அக்காவே எல்லாவற்றையும் பேசிவிடுவதால் அவருக்குப் பேச அதிகம் மிச்சமிருப்பதில்லை.

ஒரே மகள் ஜெசிந்தா. எல்லோருக்கும் ஜெசி. பெண்கள் கால்பந்தில் கோல்கீப்பர். சிறுவயதில் அவள் பந்து பின்னால் போனது அக்காவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் ஓர் ஆட்டத்தில் எதிரணிப் பெண் ஒருத்தி ஜெசியின் விலாவில் உதைத்தாள். கூப்பிட்டு வரப் போயிருந்த அக்கா நேரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டார். நடுவர் அவரை வெளியே அனுப்பினார். அதன்பிறகு ஓர் ஆட்டத்தையும் அவர் தவறவிட்டதில்லை.

பள்ளி முடிக்கும் ஆண்டு நெருங்கியபோது ஜெசிக்கு அமெரிக்க ஆசை வந்தது. நன்றாக விளையாடுகிற பிள்ளைகளை அங்குள்ள கல்லூரிகளே தேடி எடுத்துக்கொள்ளும், அணியில் விளையாடிக்கொண்டே படிக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தாள். தன் ஆட்டங்களை வெட்டி ஒட்டி ஒரு வீடியோ தயாரித்து, கல்லூரி கல்லூரியாக மின்னஞ்சல் அனுப்பினாள். அவள் ஆங்கிலம் என்னுடையதைவிட நன்றாகவே இருந்தது. அக்காவின் நம்பிக்கைக்காக நானும் ஒருமுறை படித்துப் பார்த்து, ஒரு காற்புள்ளி போட்டுக் கொடுப்பேன்.

பெரும்பாலான இடங்களிலிருந்து பதிலே இல்லை. ஓரிடம் உயரம் போதாது என்றது. ஓஹையோவில் ஒரு சிறிய கல்லூரியின் பெண் பயிற்சியாளர் மட்டும் அவளைப் பிடித்துக்கொண்டார். தொலைபேசியில் இரண்டு முறை பேசினார். மார்கழிக் குளிரில் ஒருநாள் அவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உன் ஆட்டம் எங்களை அசத்திவிட்டது, உன்னை எங்கள் சீருடையில் பார்க்க ஆவலாக இருக்கிறோம் என்று எழுதியிருந்தார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அக்கா எழுந்துவிட்டார். "சீருடை எண்டே சொல்லிப்போட்டா. பிறகென்ன?"

"அக்கா, ஆஃபர் லெட்டர் வரட்டும். அமெரிக்காக்காரங்க எல்லாருக்கும் இப்படித்தான் ஸ்வீட்டா எழுதுவாங்க."

"நீங்கள் சும்மா இருங்கோ தம்பி. பொம்பிளை பாக்க வந்த மாமி ஒருத்தி, 'உன்னை எங்கட வீட்டுச் சீலையில பாக்க ஆசையாக் கிடக்கு' எண்டு சொன்னால், அது முடிஞ்ச கலியாணம். அதுக்குப் பிறகு ஆரும் மாறுவினமோ?"

"இவ மாமி இல்லக்கா, கோச்."

"எல்லாம் ஒண்டுதான்."

அவருக்கு அது கொடுத்த வாக்கு. வாக்கு வந்தால் மண்டபம் எடுக்க வேண்டியதுதான். மே மாதம் ஒரு ஞாயிறு, பூசைக்குப் பிறகு கோயில் பக்கத்து மண்டபத்தில் மகளுக்குப் பிரியாவிடை விழா என்று முடிவாயிற்று. ஜெசி பந்துக்குப் பாயும் படத்தோடு அழைப்பிதழ் அடித்தார்கள். சூசைதாசன் அண்ணனுக்குக் கடை மூடும் திங்கட்கிழமைகளில் இருவருமாகக் காரில் ஏறி ஓபர்ஹவுசன், டோர்ட்முண்ட், ஹம், சோஸ்ற் என்று வீடு வீடாகப் போய்க் கொடுத்தார்கள். போகும் வீட்டிலெல்லாம் தேநீர், பலகாரம், பழைய கதை.

"அம்மா, இது சரியான பைன்லிஷ்" என்றாள் ஜெசி. பைன்லிஷ் என்றால் மானம் போகிற காரியம்; இங்கே வளர்ந்த பிள்ளைகள் தமிழுக்கு நடுவே ஒரு நாளைக்குப் பலமுறை சொல்கிற ஜெர்மன் சொல். ஆனால் அழைப்பிதழ்களில் சிலவற்றை அவளும் தன் பள்ளித் தோழிகளுக்குக் கொண்டுபோனாள். நான் பார்த்தேன்.

அந்த உற்சாகத்தில் இன்னொன்றும் செய்தாள். தன் கால்பந்துக் கழகத்தின் பயிற்சியாளர் பிர்கிட்டிடம், கோடையில் போய்விடுவேன், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டாள். பிர்கிட் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்தார். புதியவள் பழகட்டும் என்று ஜெசியே கோல் கம்பங்களுக்கிடையே அவளை நிற்கவிட்டு ஒதுங்கிக்கொண்டாள்.

ஏப்ரலில் ஓஹையோ கைவிட்டது. தங்கள் மாநிலத்திலேயே ஒரு கோல்கீப்பர் கிடைத்துவிட்டதாகவும், இடம் நிரம்பிவிட்டதாகவும், எதிர்காலத்துக்கு வாழ்த்துகள் என்றும் எழுதியிருந்தார்கள். அதுவும் மிக இனிப்பான ஆங்கிலம்தான்.

"வேண்டாமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜெசி அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். கையுறைகளைக் கொண்டுபோய் நிலவறையில் போட்டாள். செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்குப் போகவில்லை, தடிமன் பிடித்திருக்கிறது என்றாள். அடுத்த வாரமும் தடிமன் மாறவில்லை. அமெரிக்காவிலும் இடமில்லை, இங்கே இருந்த இடத்தையும் தானே கொடுத்தாயிற்று. பள்ளிக்குப் போவாள், வருவாள், கதவைச் சாத்துவாள். பந்தை இனி தொடுவாளா என்பதே அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுக் கேட்காத கேள்வியாக இருந்தது. அக்காகூட.

ஆனால் மண்டபம் இருந்தது. அழைப்பும் கொடுத்தாயிற்று. ஒரு சனிக்கிழமை சமையலறையில் ஆலோசனை. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள்.

"இஞ்சரும், எனக்கு நெஞ்சு நோ எண்டு சொல்லுவம்" என்றார் சூசைதாசன் அண்ணன்.

"சொன்னால், பின்னேரமே சூப்புப் பானையோட வந்து நிப்பினம். பிறகு நீங்கள் கட்டிலில படுத்திருக்க வேணும். ஏலுமோ?"

"அப்ப மண்டபத்துக்குள்ள தண்ணி வந்திட்டுது எண்டு..."

"தங்கராசா அண்ணை உடன டோர்ட்முண்டில வேற மண்டபம் பிடிச்சுத் தருவார். அந்தாள் அப்பிடியான ஆள்."

ஜெசியின் அறைக்குள்ளிருந்து குரல் வந்தது. "எல்லாருக்கும் எஸ்எம்எஸ் அனுப்புங்கோ. விழா இல்லை எண்டு. வேற ஒண்டும் எழுதாதேங்கோ."

அக்கா கதவைப் பார்த்துச் சொன்னார்: "வீட்டை போய் இருந்து, தேத்தண்ணி குடிச்சுச் சொன்ன விசயம் பிள்ளை. அதை எஸ்எம்எஸ்ஸில திருப்பி எடுக்கிறது எந்த ஊர்ப் பழக்கம்? பிறகு ஒவ்வொருத்தரா எடுத்து ஏன், ஏன் எண்டு கேப்பினம். உள்ளதைச் சொன்னால்தான் ஒருத்தரும் வீட்டை வராயினம்."



மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து வந்து, வீட்டுக்குள் நடைபாதையில் ஒரு நாற்காலியைப் போட்டு, தொலைபேசியை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்தார். அந்த இடத்துக்கு நேர் எதிரே ஜெசியின் கதவு. வேறெங்கும் அவருக்கு உட்காரத் தோன்றவில்லை.

முதல் அழைப்பு ஓபர்ஹவுசனில் இருந்த அக்காவின் அண்ணன் மனைவிக்கு.

"மச்சாள், நான் கொறற்றி. ஓம், எல்லாரும் சுகம். இல்லை, வட்டிலப்பம் ஒண்டும் செய்ய வேண்டாம். விழா இல்லை. அவங்கள் வேண்டாமெண்டு சொல்லிப்போட்டாங்கள். ஆர் எண்டால், அமெரிக்காக்காரர்தான். இல்லை மச்சாள், விசாப் பிரச்சினை இல்லை. பிள்ளையைத்தான் வேண்டாமாம்."

அறைக்குள் ஏதோ விழுந்தது.

"அக்கா, கொஞ்சம் மெதுவா. அவளுக்குக் கேக்கும்" என்றேன்.

"மெதுவாத்தானே தம்பி கதைக்கிறன்" என்றார், கீழ் வீட்டுக்கும் கேட்க. பிறகு தொலைபேசியில்: "மச்சாள், நீங்கள் ஏன் அழுறியள்? அழாதேங்கோ. போய் ஏதாவது சாப்பிடுங்கோ. பேந்து எடுக்கிறன்."

டோர்ட்முண்டில் கடை வைத்திருந்த தங்கராசா அண்ணை அழவில்லை, யோசனை சொன்னார். அவர் மகன் ரொறன்ரோவில் இருப்பதாகவும், முன்பே சொல்லியிருந்தால் அவன் அந்தக் கல்லூரிக்குப் போய்க் கதைத்திருப்பான் என்றும். அவர் குரலும் சிறியதல்ல, எனக்கே கேட்டது.

"போய் என்னத்தை அண்ணை கதைக்கிறது? எங்கட பிள்ளை நல்ல பிள்ளை, கோயிலுக்குப் போறவள் எண்டோ? அவங்கள் வேற ஒரு பெட்டையைப் பிடிச்சிட்டாங்கள். அது நல்ல உயரமாம். லைற் போஸ்ற் மாதிரியாம்."

கதவு ஒரு விரல்கடை திறந்தது. "அம்மா. உயரம் காணாது எண்டது வேற கொலிஜ். ஓஹையோ உயரத்தைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"அப்பிடியோ? அண்ணை, பிழையாச் சொல்லிப்போட்டன். உயரம் எண்டு கழிச்சது முந்தின இடமாம். கனபேர் கழிச்சவங்கள் அண்ணை, எனக்கு ஆளுக்கு ஆள் மாறுப்படுது."

சூசைதாசன் அண்ணன் சமையலறையில் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. கதவு மூடவில்லை.

இப்படியே போயிற்று. முதலில் ஒவ்வொரு அழைப்புக்கும் நீண்ட நேரம் எடுத்தது. போகப்போகச் சுருங்கியது. வேண்டாமாம், வேற ஆள் எடுத்திட்டினமாம், ஓம் கவலைதான், உங்கட இடுப்பு நோ எப்பிடி, வைக்கிறன். அதே வார்த்தைகள், அதே வரிசை. பக்கத்தில் இருந்த எனக்கே பாடமாகிவிட்டது. கேட்டவர்களும் விதவிதம். ஒருவர் ஓஹையோவைத் திட்டினார். ஒருவர் அமெரிக்காவில் துப்பாக்கிச் சூடு அதிகம், போகாதது நல்லது என்றார். ஒரு மாமி, அப்படியானால் பிள்ளைக்கு இனி மாப்பிள்ளை பார்க்கலாமா என்று கேட்டார்.

"மாமி மாப்பிள்ளை பாக்கட்டோ எண்டு கேக்கிறா" என்றார் அக்கா கதவைப் பார்த்து.

"கோல் போஸ்ற்றுக்குள்ள நிப்பாரோ எண்டு கேளுங்கோ" என்றாள் ஜெசி. இப்போது அவள் கதவுநிலையில் சாய்ந்து நின்றிருந்தாள். மூன்று வாரமாக அவள் நகைச்சுவை எதையும் நான் கேட்டதில்லை.

பிறகு உருத்திரமூர்த்தி மாஸ்டர். தமிழ்ப் பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியர். ஜெசிக்கு அரிச்சுவடியிலிருந்து பாடம் எடுத்தவர். அவருக்கு எதையும் சுருக்கமாகச் சொல்லி விளங்கவைக்க முடியாது. எழுத்தில் தந்தார்களா, காரணம் சொன்னார்களா, மேன்முறையீடு உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்கா முடிந்தவரை சமாளித்தார். நான் போட்டு வைத்த தேநீர் பக்கத்தில் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

"மாஸ்டர், பொறுங்கோ. இவளே வாறாள்" என்று தொலைபேசியை மகளிடம் நீட்டினார். "நீயே சொல்லு. என்ர தேத்தண்ணி ஆறுது."

ஜெசி அதை வாங்கிவிட்டாள். யோசித்திருந்தால் வாங்கியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். தரையில், அம்மாவின் நாற்காலிக் காலில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள்.

"வணக்கம் மாஸ்டர். ஓம், ஜெசிதான். அப்பீல் எல்லாம் இல்லை மாஸ்டர், இது புற்போல். அவையின்ர இடத்திலயே ஒரு கீப்பர் கிடைச்சிட்டா. ஓம். அவ நல்லா விளையாடுவாபோல." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். கால் பெருவிரலை ஆட்டிக்கொண்டே, "ஓம் மாஸ்டர், சரியான கவலைதான்" என்றாள்.

அக்கா தேநீரிலிருந்து தலை தூக்கவில்லை. ஆடையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டுக் குடித்தார்.

மாஸ்டரிடம் சொன்னபிறகு மற்றவர்களிடம் சொல்வது சுலபமாகிவிட்டது போலிருக்கிறது. அடுத்த அழைப்பு ஜெசி, அதற்கடுத்தது அக்கா. ஹம்மில் இருந்த ஒரு பெரியப்பாவுக்குக் காது மந்தம்; அவரை இருவரும் ஒருவர்மேல் ஒருவர் தள்ளப் பார்த்தார்கள். கடைசியில் அக்காதான் எடுத்தார். அந்த அழைப்பை எசன் வடக்கு முழுவதும் கேட்டிருக்கும். வெயில் சாய்கிற நேரத்துக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் சொல்லியாயிற்று. சோஸ்ற் இராஜேஸ்வரி குடும்பம் மட்டும் அகப்படவில்லை. அவர்கள் லண்டனுக்குப் போயிருப்பதாகச் சொன்னார்கள்.

"உன்ர ட்ரைனருக்கும் நானே எடுத்துக் கதைக்கட்டோ?" என்றார் அக்கா. "பிள்ளை போகேல்லை, திருப்பி எடுங்கோ எண்டு சொல்லுறன்."

"வேண்டாம் அம்மா. நீங்கள் எடுத்தால் அவ பயத்திலதான் என்னைச் சேர்ப்பா."

ஆனால் உடனே எண்களை அழுத்தவில்லை. தொலைபேசியைக் கையில் புரட்டிக்கொண்டிருந்தாள். உறவினர்களிடம் அமெரிக்காவைச் சொன்னால் போதும். இங்கே, தானே விட்டுக்கொடுத்த இடத்தைத் திரும்பக் கேட்க வேண்டும். அக்காவுக்கு இந்த ஒரு நேரத்தில் எப்படியோ வாயை மூடிக்கொண்டிருக்க முடிந்தது. ஜெசி எழுந்து அறைக்குள் போய்ப் பேசினாள். கதவு திறந்தே இருந்தது.

வெளியே வந்து சொன்னாள்: "இடம் இல்லையாம். இப்ப அந்தப் பிள்ளைதான் முதல் கீப்பராம், அதை மாத்தமாட்டாவாம். நான் வந்தால் பெஞ்ச்தானாம். செவ்வாய்க்கிழமை வரச் சொன்னவ."

"போறியோ?"

"போறன்."

சூசைதாசன் அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கீழே நிலவறைக்குப் போனார். கையுறைகளை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி திரும்பினார். "இது செத்த எலி மாதிரி மணக்குது. செவ்வாய்க்குள்ள வெயிலில போடு" என்றார். அன்று அவர் பேசியவற்றுள் அதுதான் நீளமானது.

மே மாதத்து அந்த ஞாயிறு வந்தது. விழாவுக்கென்று எடுத்த விடுமுறையை அண்ணன் மாற்றவில்லை. அன்று ஜெசியின் அணிக்குச் சொந்த மைதானத்தில் ஆட்டம் இருந்தது. நாங்கள் புறப்படும் நேரத்தில் தொலைபேசி அடித்தது. சோஸ்ற் இராஜேஸ்வரி; லண்டனிலிருந்து வந்தபின் அவருக்குச் சொல்ல எல்லோருமே மறந்துவிட்டிருந்தோம். குடும்பத்தோடு மண்டப வாசலில் நிற்கிறார்களாம், மண்டபம் பூட்டியிருக்கிறதாம்.

"அங்கேயே நில்லுங்கோ, வாறம்" என்றார் அக்கா. காரணத்தைத் தொலைபேசியில் சொல்லவில்லை. வழியில் அவர்களையும் கூட்டிக்கொண்டு நேரே மைதானத்துக்குப் போனோம். அந்தப் பக்கத்து மைதானங்கள் பலவற்றில் புல் கிடையாது, சிவப்புச் சாம்பல் மண்தான். இராஜேஸ்வரி அக்கா காஞ்சிபுரம் பட்டும் அட்டியலும் கல்லு வளையலுமாக அந்தப் புழுதிக்குள் இறங்கினார். ஜெர்மன் பார்வையாளர்கள் பீர்ப் போத்தலோடு ஒதுங்கி வழிவிட்டார்கள். எதிரணியின் ஆள் ஒருவர் அவரை ஏதோ முக்கிய விருந்தினர் என்று நினைத்து நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அவர் உட்கார்ந்து, சுற்றிப் பார்த்து, மாற்று ஆட்டக்காரர்களின் பெஞ்சில் ஜெசியைக் கண்டுபிடித்தார். "எடி கொறற்றி, அமெரிக்கா போற பிள்ளை ஏன் உதில குந்திக்கொண்டிருக்கு?"

அக்கா பதில் சொல்ல மூச்சை இழுத்தார். அதற்குள் ஜெசி பெஞ்சிலிருந்தே திரும்பினாள்.

"மாமி, அமெரிக்காவில என்னை எடுக்கேல்லை. இஞ்சையும் இப்ப நான் ரண்டாவது கீப்பர். முதல் கீப்பர் அந்தா, பச்சை உடுப்பு. உங்களுக்கு அம்மா ரெலிபோன் எடுத்தவ, நீங்கள் லண்டனில."

இராஜேஸ்வரி அக்கா நாற்காலியைப் பெஞ்சுப் பக்கம் திருப்பிப் போட்டார். "அப்ப இண்டைக்கு விளையாடமாட்டியோ?"

"அவளுக்குக் காய்ச்சல் வந்தால் விளையாடுவன். நல்ல பிள்ளை, வராது."

அப்படித்தான் நடந்தது, ஆட்டம் முழுக்க ஜெசி இறங்கவில்லை. இடைவேளையில் பிர்கிட் கைகாட்டினார். இரண்டாவது கீப்பரின் வேலை, முதல் கீப்பர் உடம்பு ஆறிவிடாமல் பார்த்துக்கொள்வது. ஜெசி பந்துப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். பந்துகளை வரிசையாக வைத்து, பச்சை உடுப்புப் பெண்ணை நோக்கி உதைக்கத் தொடங்கினாள். முதலிரண்டை அவள் பிடித்தாள். மூன்றாவது அவள் விரல்நுனிக்கு மேலே போய் வலையின் மூலையில் இறங்கியது. பச்சை உடுப்பு சிரித்துக்கொண்டே ஜெர்மனில் ஏதோ திட்டியது. ஜெசியும் ஏதோ திருப்பிச் சொன்னாள்.

கொறற்றி அக்கா எழுந்து நின்று கைதட்டினார். மைதானமே திரும்பிப் பார்த்தது.

"இஞ்சரும், இரும்" என்றார் சூசைதாசன் அண்ணன். "அது எங்கட கோலுக்குள்ளதான் விழுந்தது."

"ஆரின்ர கோலா இருந்தாலென்ன" என்றார் அக்கா. கைதட்டலை நிறுத்தவில்லை.